வாசகர் கேள்வி–பதில்: ஜேர்மனியில் முடக்கத்தை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் யார்?

கொரோனாக் காலத்தில் ஜேர்மனியில் பொதுமுடக்கத்துக்கும் தடுப்பூசி விதிகளுக்கும் எதிராக நடந்த ஆர்ப்பாட்டங்கள் பற்றித் திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. பெரும்பாலானவை அங்கிருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய காணொளிகளைப் பார்த்து எழுந்தவை. எட்டுக் கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

2020 ஓகஸ்ட்டில் பெர்லினில் 13 இலட்சம் பேர் கூடியதாக ஒரு காணொளி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொலிஸ் சொன்னது 20 ஆயிரமாம். இப்படி ஒரு வித்தியாசம் எப்படி வரும்?
– வாசகர், உவர்மலை

13 இலட்சம் என்பது ஏற்பாட்டாளர் மேடையிலிருந்து அறிவித்த எண். 2020 ஓகஸ்ட் 1ஆம் திகதிக் கூட்டம் அது. பொலிஸ் அன்று 20,000 வரை என்றது. எது உண்மைக்குக் கிட்ட என்று கண்டுபிடிக்க ஜேர்மனிக்குப் போகத் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் காணும்.

முதலில் இடத்தின் பரப்பளவு. முழு அளவு உதைபந்தாட்டத் திடல் ஒன்று 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். 7,140 சதுர மீற்றர். மக்கெய்சர் மைதானத்தில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தப் பரப்பு கண்ணுக்குள் நிற்கும். அடுத்தது நெரிசல். ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு பேர் என்றால் ஆட்கள் ஓரளவு வசதியாக நிற்கலாம், இடையில் புகுந்து நடக்கவும் முடியும். நான்கு பேர் என்றால் தோளோடு தோள் இடிக்கும். தேர்த் திருவிழாவில் வடத்துக்குக் கிட்ட நிற்கும் நெரிசல் அது. ஆகவே ஒரு திடலில் வசதியாக நின்றால் 14,000 பேர், நெருக்கி நின்றால் 28,000 பேர்.

பெர்லின் கூட்டம் நடந்த ‘யூன் 17 வீதி’, பிராண்டன்பேர்க் வாசலிலிருந்து வெற்றித் தூண் வரை ஏறத்தாழ 2 கிலோமீற்றர். நடைபாதைகளையும் சேர்த்து அகலத்தைத் தாராளமாக 80 மீற்றர் என்று வைப்போம். 1,60,000 சதுர மீற்றர் வரும். அந்தப் பரப்பு முழுவதும், ஒரு மூலை விடாமல், நான்கு பேர் வீதம் நெருக்கி நின்றாலும் 6,40,000 பேர்தான். 13 இலட்சத்தின் பாதிகூட இல்லை. வானிலிருந்து எடுத்த படங்களிலோ மேடையை விட்டு விலக விலகக் கூட்டம் ஐதாகிக்கொண்டே போகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை 3,80,000 அளவு. அதைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட சனம் ஒரு வீதியில் நின்றது என்பதுதான் அந்தக் காணொளி சொல்லும் கதை.

இதற்காகப் பொலிஸ் எண்ணை வேதவாக்காக எடுக்கவும் வேண்டாம். அதுவும் மதிப்பீடுதான். ஊர்வலத்தில் வந்தவர்களை ஒரு நேரத்திலும் மேடைக்கு முன் நின்றவர்களை இன்னொரு நேரத்திலும் எண்ணுவார்கள். இரண்டையும் கூட்டினால் ஒரே ஆள் இரண்டு முறை வந்துவிடுவார். குறைத்து எண்ணுவதும் நடக்கும். 2020 நவம்பர் 7இல் லைப்சிக் நகரக் கூட்டத்தைப் பொலிஸ் 20,000 என்றது. ஆர்ப்பாட்டங்களை எண்ணுவதையே வேலையாகச் செய்துவந்த அந்நகர ஆய்வுக் குழு ஒன்று 45,000 என்றது. ஏற்பாட்டாளர், பொலிஸ், மூன்றாவதாக ஒரு சுயாதீனக் கணக்கு ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது கிடைக்காவிட்டால் பரப்பளவுக் கணக்கை நீங்களே போடுங்கள். படம் அன்றைய படம்தானா என்பதையும் கவனியுங்கள். வேறு ஆண்டுகளில் நடந்த இசை ஊர்வலங்களின் படங்கள் ஆர்ப்பாட்டப் படங்களாக அப்போது பரவின.

அவர்கள் இடதுசாரிகளா, வலதுசாரிகளா? ஒரு பத்திரிகை நாசிகள் என்கிறது, இன்னொன்று சாதாரண குடிமக்கள் என்கிறது.
– வாசகி, சாம்பல்தீவு

எந்த மாதம், எந்த ஊர் என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அந்த இரண்டு பத்திரிகைகளும் அதைக் கேட்காமல் எழுதியிருக்கின்றன.

முதற்கூட்டங்கள் 2020 மார்ச் இறுதியில் பெர்லினின் றோசா லுக்சம்பேர்க் சதுக்கத்தில், ஒரு நாடக அரங்கின் முன்னால் நடந்தன. கூட்டியவர்கள் இடதுசாரி, கலைத்துறைப் பின்னணி கொண்டவர்கள். கையில் அரசியலமைப்புப் பிரதியோடு வந்து நின்றார்கள். சில வாரங்களுக்குள் தீவிர வலதுசாரிகள் அந்தக் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல ஏற்பாட்டாளர் முன்வரவில்லை. பின்னாலே நடந்த பலவற்றின் வித்து அந்தத் தயக்கத்தில் இருக்கிறது என்பது எமது கணிப்பு.

குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் அவர்கள் அரசாங்கம் போதிய கட்டுப்பாடு போடவில்லை, எல்லையை மூடவில்லை என்றுதான் சத்தம் போட்டார்கள். வீதியில் சனம் சேரத் தொடங்கிய பிறகே முடக்க எதிர்ப்புக்குத் திரும்பினார்கள். இயக்கத்தை உருவாக்கியவர்கள் அவர்களல்லர்; அறுவடைக்கு வந்தவர்கள்.

வந்தவர்களின் அரசியல் பற்றி அதிகம் பேசப்படுவது சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஒலிவர் நாக்ட்வையும் அவரது குழுவினரும் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு. பதில் தந்தவர்கள் 1,150 பேருக்கு மேல். 2017 பொதுத்தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்விக்கு 23 சதவீதம் பசுமைக் கட்சி, 18 சதவீதம் இடதுசாரிக் கட்சி, 15 சதவீதம் ஏ.எஃப்.டி. என்று பதில் வந்தது. அடுத்த முறை யாருக்கு என்றபோது ஏ.எஃப்.டி. 27 சதவீதமாக ஏறிவிட்டது. பசுமைக் கட்சி ஏறக்குறைய மறைந்தே போனது. சராசரி வயது 47. மூன்றில் ஒருவர் பட்டதாரி. சுயதொழில் செய்பவர்களின் பங்கு நாட்டுச் சராசரியைவிட நன்றாகக் கூட. கடையும் கலையரங்கும் பூட்டப்பட்டபோது மாதச் சம்பளக்காரரை விட அவர்களுக்குத்தான் முதலில் அடி விழுந்தது. அந்தப் பங்குக்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து வந்து வலப்பக்கம் நகரும் கூட்டம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இந்த எண்களைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. கேள்விக்கொத்தை அவர்கள் ஆர்ப்பாட்டக்காரரின் ரெலிகிராம் குழுக்களுக்குள் பகிர்ந்தார்கள். விரும்பியவர் நிரப்பினார், விரும்பாதவர் கடந்துபோனார். பல்கலைக்கழகம் என்றாலே முகம் சுளிக்கும் தீவிர வலதுசாரி அதை நிரப்பியிருக்க மாட்டார். ஆகவே வலதுசாரிகளின் பங்கு இதில் குறைந்து காட்டப்பட்டிருக்க இடமுண்டு. “ஜேர்மன் ஆர்ப்பாட்டக்காரரில் 23 சதவீதம் பசுமைக் கட்சிக்காரர்” என்று யாராவது எழுதினால் அது பிழை. நிரப்பியவர்களில் 23 சதவீதம் என்றுதான் எழுதலாம். அந்தக் கொத்து தென்மேற்கு ஜேர்மனியை நன்றாகக் காட்டுகிறது, கிழக்கிலுள்ள சாக்சனி மாநிலத்தை அவ்வளவாகக் காட்டவில்லை.

அவர்களின் சட்டைகளில் ‘711’, ‘231’, ‘351’ என்று எண்கள் இருக்கின்றன. ஏதாவது இரகசியக் குறியீடா?
– பாடசாலை மாணவன், பாலையூற்று

இரகசியம் எதுவும் இல்லை, தம்பி. தொலைபேசிப் பிரதேச இலக்கம். திருகோணமலைக்கு 026 இருப்பது போல ஸ்டுட்கார்ட்டுக்கு 0711. முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு ‘க்வேர்டெங்கன் 711’ என்று பெயர் வைத்தார்கள். ‘க்வேர்டெங்கன்’ என்றால் வழமைக்குக் குறுக்கே சிந்திப்பது. தொடக்கியவர் மிக்காயேல் பால்வெக் என்ற ஸ்டுட்கார்ட் மென்பொருள் தொழில்முனைவர். 231 டோர்ட்முண்ட், 351 டிறெஸ்டன், 911 நூரன்பேர்க். ஒரு படத்தில் எந்த எண் தெரிகிறது என்று பார்த்தால் ஆட்கள் எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள் என்று ஊகிக்கலாம். பெயரையும் வடிவத்தையும் எடுத்து ஒவ்வொரு ஊரும் தானாகத் தொடங்கிக்கொள்ளும் இந்த முறையால்தான் சில மாதங்களுக்குள் அது நாடு முழுக்கப் பரவியது.

என் தங்கை குடும்பம் ஸ்டுட்கார்ட்டில், மச்சான் குடும்பம் சாக்சனியில். இருவரும் தங்கள் ஊரில்தான் ஆர்ப்பாட்டம் அதிகம் என்கிறார்கள். ஏன் அந்த இரண்டு இடங்கள்? மற்ற இடங்களில் நடக்கவில்லையா?
– வாசகி, நிலாவெளி

இருவர் சொல்வதும் சரி, அம்மா. ஆனால் அவர்கள் கண்டவை ஒரே பெயரில் நடந்த இரண்டு வேறு இயக்கங்கள்.

ஸ்டுட்கார்ட் இருப்பது பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில். வசதியான மாநிலம், 2011இலிருந்து பசுமைக் கட்சி முதலமைச்சர். அங்கே மாற்று மருத்துவம், இயற்கை வாழ்வு, தனிவழிக் கல்வி ஆகியவற்றை நம்பும் ஒரு நடுத்தர வர்க்கம் தலைமுறைகளாக வேரூன்றியிருக்கிறது. ருடோல்ஃப் ஸ்டைனரின் கொள்கையைப் பின்பற்றும் வால்டோர்ஃப் பாடசாலைகளில் முதலாவது, 1919இல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. உடலைப் பற்றிய முடிவு எனக்கும் இயற்கைக்கும் இடையிலானது, அரசாங்கத்துக்கு அங்கே வேலையில்லை என்ற எண்ணம் இந்த மண்ணில் பழையது. தடுப்பூசிச் சந்தேகமும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. இன்னொன்றும் உண்டு. ஸ்டுட்கார்ட் மத்திய புகையிரத நிலையத்தை நிலத்துக்கடியில் கொண்டுபோகும் திட்டத்துக்கு எதிராக 2010இல் அந்நகரில் பெரும் போராட்டம் நடந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 30இல் பொலிஸ் நீர்ப்பீரங்கி அடித்து மக்கள் காயப்பட்டார்கள். மரியாதையான நடுத்தர வயதுக்காரர் வீதிக்கு இறங்கி அரசாங்கத்தோடு முட்டுவது அந்த ஊருக்குப் பழக்கமான காட்சி. பாசல் குழுவினர் இந்த மாநிலத்தைத் தனியாக எடுத்து 2021இல் செய்த ஆய்விலும் மாற்று வாழ்வுச் சூழலின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. 2020 ஏப்ரலில் ஐம்பது பேர் அளவில் தொடங்கிய ஸ்டுட்கார்ட் கூட்டம் மே மாதத்தில் கான்ஸ்டாட்டர் வாசன் திடலில் ஆயிரக்கணக்காகிவிட்டது.

சாக்சனி வேறு கதை. முன்னாள் கிழக்கு ஜேர்மனி. அந்தக் காலத்தில் பல தடுப்பூசிகள் அங்கே கட்டாயம். ஊசிக்குக் கை நீட்டிப் பழகிய மக்கள். ஆகவே “தடுப்பூசியில் நம்பிக்கை இல்லாத பாரம்பரியம்” என்ற தென்மேற்கு விளக்கத்தை இங்கே பொருத்தினால் பிழையாகிவிடும். இங்கே இருந்தது அரசாங்கத்தின் மீதும், மேற்கிலிருந்து வரும் கட்சிகளின் மீதும், செய்தி நிறுவனங்களின் மீதும் அவநம்பிக்கை. 1990க்குப் பிறகு தொழிற்சாலைகள் மூடப்பட்டு இளையவர்கள் ஊரைவிட்டுப் போன அனுபவம் அதற்குப் பின்னால் கிடக்கிறது. அந்த அவநம்பிக்கையைத் திரட்டும் ஆட்களும் அங்கே ஏற்கனவே தயார். குடியேறிகளுக்கு எதிரான பெகிடா ஊர்வலங்கள் 2014இலிருந்து டிறெஸ்டனில் திங்கட்கிழமைகளில் நடந்துவந்தன. 2021 பொதுத்தேர்தலில் ஏ.எஃப்.டி. நாடளவில் 10.3 சதவீதம், சாக்சனியில் 24.6 சதவீதத்தோடு முதலிடம். பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் பத்தைத் தொடவில்லை.

2021 பெப்ரவரியில் ‘சுதந்திர சாக்சனியர்’ என்ற கட்சி உருவானது. அதன் முன்னணியில் நின்றவர்கள் பழைய தீவிர வலதுசாரிக் கட்சிகளில் பழகியவர்கள். அவர்களுடைய ரெலிகிராம் தடத்தை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். அந்தத் தடத்தின் வேலை மிக எளிது. எந்த ஊரில், எந்தச் சந்தியில், எத்தனை மணிக்கு என்ற பட்டியலைப் போடுவதுதான். வருபவர் அந்தக் கட்சிக்காரராக இருக்கத் தேவையில்லை. பேக்கரிக்காரர் வருவார், ஆசுபத்திரித் தாதி வருவார். ஆனால் எங்கே கூடுவது என்று சொல்லும் வாய் அவர்களுடையது. எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் சின்ன ஊர்களிலும் பிறைபேர்க், பௌட்சன் போன்ற இடங்களிலும் இது மிக நன்றாக வேலைசெய்தது. பௌட்சன், சிட்டாவ் பக்கம் போகும் பி-96 நெடுஞ்சாலையோரம் ஞாயிறு காலைகளில் கொடி பிடித்து வரிசையாக நிற்பது 2020இலேயே தொடங்கிவிட்டது.

சாக்சனியில் திங்கட்கிழமை மாலைகளில் நடந்தவற்றை ஏன் ஊர்வலம் என்று சொல்லாமல் ‘உலாத்தல்’ என்றார்கள்? 2021 நவம்பர் இறுதியில் சாக்சனி அரசாங்கம், ஒரே இடத்தில் நிற்கும் கூட்டம் மட்டும், அதிலும் பத்துப் பேருக்கு மேல் இல்லை என்று விதித்தது. அதற்கு மறுமொழியாக, “நாங்கள் கூட்டம் கூடவில்லை, சும்மா உலாத்துகிறோம்” என்று பதிவு செய்யாமலே நடக்கத் தொடங்கினார்கள். பொறுப்பான ஏற்பாட்டாளர் என்று ஒருவர் இல்லாததால் பொலிஸுக்குப் பேச ஆளில்லை. ஒரே மாலையில் பல ஊர்களில் நடந்ததால் பொலிஸாரும் போதவில்லை. திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருந்தது. 1989 ஒக்ரோபர் 9ஆம் திகதி, ஒரு திங்கட்கிழமை, லைப்சிக்கில் 70,000 பேர் நடந்தது கிழக்கு ஜேர்மன் ஆட்சியின் முடிவைத் தொடக்கிய நாள். அந்த நினைவைத் தங்களுக்குப் போர்வையாக எடுத்துக்கொண்டார்கள். 1989இல் உயிரைப் பணயம் வைத்து நடந்தவர்கள் பலருக்கு இது மனவேதனை தந்ததை விளங்கிக்கொள்ள முடிகிறது.

மற்ற இடங்களிலும் நடந்தது. 2021 மார்ச் 20இல் நாட்டின் நடுவிலுள்ள காசல் நகரில் 20,000 பேருக்கு மேல். பவேரியாவில் மியூனிக், நூரன்பேர்க். வடக்கு அமைதியாக இருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 2022 ஜனவரியில் ஹம்பேர்க்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பூசிக் கட்டாயத்துக்கு எதிராக நடந்தார்கள். அந்த மாதத்தின் ஒரு திங்கட்கிழமையில் நாடு முழுவதும் சேர்த்து மூன்று இலட்சத்துக்கும் மேல்.

இரண்டு மாநிலங்களை ஒப்பிடும்போது தலைக்கணக்கை மறக்காதீர்கள். பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் ஒரு கோடி பத்து இலட்சம் பேர், சாக்சனியில் நாற்பது இலட்சம். இரண்டிலும் பத்தாயிரம் பேர் கூடினால் சாக்சனியின் பத்தாயிரம் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். உங்கள் மச்சான் சொல்வது அந்த வகையில் கூடுதல் சரி.

படங்களில் கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடியும் வானவில் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. எப்படி வாசிப்பது?
– வாசகர், திருகோணமலை நகரம்

இன்றைய ஜேர்மன் தேசியக் கொடி கறுப்பு-சிவப்பு-பொன். கறுப்பு-வெள்ளை-சிவப்பு 1871 முதல் 1918 வரையிலான பேரரசின் கொடி. நாசிச் சின்னம் சட்டப்படி தடை. இந்தப் பேரரசுக் கொடி பொதுவாகத் தடையில்லை. அதனால் தீவிர வலதுசாரிகளும், இன்றைய ஜேர்மன் அரசாங்கமே செல்லாது, பழைய பேரரசு தொடர்கிறது என்று வாதிடும் ‘றைக்ஸ்பேர்கர்’ எனப்படுவோரும் இதைத் தூக்குவார்கள். அதன் போர்க்கொடி வடிவத்தைப் பொது இடத்தில் காட்டுவதை 2020 செப்டெம்பரில் முதலில் தடுத்த மாநிலம் பிறேமன். வானவில் கொடி பெரும்பாலும் சமாதான இயக்கத்தினுடையது. ‘கியூ’ எழுத்து அமெரிக்கச் சதிக்கதைக் கூட்டத்தின் அடையாளம்.

ஒரு கொடியைக் கண்டு முழுக் கூட்டத்தையும் முடிவுசெய்யாதீர்கள். அந்தக் கொடி எத்தனை, மேடைக்குக் கிட்டவா ஓரத்திலா, பக்கத்தில் நிற்பவர் விலகுகிறாரா, ஏற்பாட்டாளர் ஒலிவாங்கியில் இறக்கச் சொன்னாரா என்று பாருங்கள். 2020 ஓகஸ்ட் 29இல் பெர்லினில் ஏறத்தாழ 38,000 பேர் கூடினார்கள். அவர்களில் சில நூறு பேர் தடுப்பைத் தள்ளிக்கொண்டு பேரரசுக் கொடிகளோடு நாடாளுமன்றப் படிகளில் ஏறினார்கள். சற்று நேரம் ஒருசில பொலிஸார் மட்டும் வாசலில் நின்று மறித்தார்கள். அந்த ஏற்றம் தொடங்கியது பால்வெக்கின் மேடையிலிருந்து இல்லை, வேறொரு குழு தனியாகப் பதிவுசெய்திருந்த மேடைக்கு முன்னாலிருந்து. இது முக்கியமான வேறுபாடு. ஆனால் மஞ்சள் நட்சத்திரத்தில் ‘தடுப்பூசி போடாதவர்’ என்று எழுதிக் குத்திக்கொண்டு வந்தவர்களை, யூத இனப்படுகொலையை அப்படி மலிவாக்கியவர்களை, மாதக்கணக்காகப் பக்கத்தில் நின்று சகித்த பொறுப்பு அந்தக் கூட்டத்துக்கு உண்டு. அதை நாம் மென்மையாகச் சொல்ல மாட்டோம்.

இங்கே ஜனாஸாவை எரிக்காதே என்று கேட்கவே எவ்வளவு பாடுபட்டோம். அங்கே முடக்கக் காலத்தில் இவ்வளவு பெரிய கூட்டங்களுக்கு எப்படி அனுமதி கிடைத்தது?
– வாசகர், கிண்ணியா

ஜேர்மனியில் கூட்டம் கூட அனுமதி கேட்பதில்லை, அறிவிப்பதுதான். அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. திறந்தவெளிக் கூட்டம் என்றால் அதைப் பகிரங்கமாக அறிவிப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன் அதிகாரிகளிடம் பதிய வேண்டும். திடீரென எழும் கூட்டத்துக்கு விலக்கு. தடைசெய்ய வேண்டுமென்றால் காரணம் காட்டும் பாரம் அதிகாரியின் மேல்.

2020 ஏப்ரல் நடுப்பகுதியில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு கட்டளைகளைத் தந்தது. ஒன்று கீசன் நகரம் பற்றி, மற்றது ஸ்டுட்கார்ட். கூட்டத்தைக் கட்டாயம் நடத்தவிடு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கொரோனா விதி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு மறுக்கக் கூடாது. இந்தக் கூட்டம், இந்த இடம், இத்தனை பேர், இந்த இடைவெளி என்று தனித்தனியாகப் பார்த்து முடிவெடு என்றது. பிறகு வந்த எல்லாமே இதன் மேல் கட்டப்பட்டவை. ஓகஸ்ட் 29 கூட்டத்தை பெர்லின் மாநிலம் தடுத்தபோது நீதிமன்றங்கள் தடையை நீக்கி நிபந்தனை போட்டன.

பிழை நடந்த இடமும் அதுவே. மேலே சொன்ன நவம்பர் 7 லைப்சிக் கூட்டத்தை நகரசபை நகருக்கு வெளியே கண்காட்சித் திடலுக்கு அனுப்பப் பார்த்தது. மேல்நீதிமன்றம் நகர மையத்தில் 16,000 பேர் வரை நடத்தலாம் என்றது. வந்தவர்கள் அதைவிட மிக அதிகம், முகக்கவசம் போட்டவர்கள் மிகக் குறைவு. பிற்பகலில் நகரசபை கூட்டத்தைக் கலைத்தது. சனமோ பொலிஸ் வரிசையை உடைத்துக்கொண்டு 1989இல் நடந்த அதே சுற்றுவீதியில் இறங்கியது. ஒரு எண்ணை நிபந்தனையாக எழுதுவது சுலபம்; 16,001ஆவது ஆளை யார், எந்த வாசலில் நிறுத்துவது என்பதற்கு அந்தத் தாளில் விடை இருக்கவில்லை.

உங்கள் கேள்வியின் வலி எமக்கும் தெரியும். இங்கே 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் விதிகள் போடப்பட்டன. ஊர்வலம் என்றால் பொலிஸ் நீதவானிடம் போய்க் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவில் தடையுத்தரவு கேட்பது வழமை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை போன நடைபயணம் திருகோணமலையைக் கடந்தபோதும் அப்படித்தான். கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை (ஜனாஸாக்களை) அடக்கம் செய்யவிடாமல் கட்டாயமாக எரித்தது 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானியோடுதான் நின்றது. அங்கே பலர் எதிர்த்தது முகக்கவசத்தையும் பூட்டிய கடையையும். இங்கே கேட்டது, மருத்துவக் காரணமே இல்லாத ஒரு விதியை நீக்கி இறந்தவரை மண்ணில் வைக்க விடுங்கள் என்று. கொரோனா விதிக்கு எதிரான போராட்டம் என்று இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடுவது அநியாயம்.

அந்தக் கூட்டங்களால் நோய் உண்மையில் பரவியதா?
– வாசகி, தம்பலகாமம்

பரவியது என்பதற்கு நல்ல சான்று உண்டு. மான்ஹைம் பொருளியல் ஆய்வு நிறுவனம் ஒன்றையும் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த இருவர் 2021 பெப்ரவரியில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கூட்டத்துக்குப் போனவர் பட்டியல் யாரிடமும் இல்லை. ஆகவே அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஆர்ப்பாட்டக்காரரை ஏற்றிச்சென்ற பஸ் உரிமையாளர் வலையமைப்பு எந்த ஊர்களில் ஆட்களை ஏற்றியது என்பது பகிரங்கமாக இருந்தது. பஸ் நின்ற ஊர்களையும் நிற்காத ஊர்களையும் எடுத்து, நவம்பர் 7 லைப்சிக், நவம்பர் 18 பெர்லின் கூட்டங்களுக்கு முன்னும் பின்னும் தொற்று வீதத்தை ஒப்பிட்டார்கள். முன்னர் சமாந்தரமாகப் போன இரண்டு கோடுகளும் பின்னர் பிரிந்தன. இரண்டு கூட்டங்களும் நடக்காதிருந்தால் நத்தாருக்குள் 16,000 முதல் 21,000 வரையான தொற்றுகளைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டத்துக்கு ஆள் அனுப்பும் ஊரில் முகக்கவசம் போடாதவர் ஏற்கனவே அதிகம் இருக்கலாம். அப்படியென்றால் தொற்று கூட்டத்தாலா, ஊரின் பழக்கத்தாலா? அதைப் பிரித்தெடுக்க அவர்கள் ஏ.எஃப்.டி. வாக்கு வீதத்தையும் பிள்ளைகளுக்கான தடுப்பூசி வீதத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். முழுவதும் பிரித்துவிட முடியாது. எண்ணைத் திட்டவட்டமாக எடுக்காமல், திசை சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசியிலும் புவியியல் தெரிந்தது. 2021 நவம்பர் இறுதியில் இரண்டு ஊசிகளும் போட்டவர்கள் சாக்சனியில் 60 சதவீதத்தை எட்டவில்லை, பதினாறு மாநிலங்களில் கடைசி. முன்னணியில் பிறேமன்.

இறுதியில் அவர்கள் வென்றார்களா? இப்போது எங்கே?
– வாசகர், லிங்கநகர்

60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் சட்டமூலம் 2022 ஏப்ரல் 7இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஆதரவு 296, எதிர்ப்பு 378. வீதியில் நின்றவர்கள் அதைத் தங்கள் வெற்றி என்றார்கள். வாக்களிப்பைப் பார்த்தால் ஆளும் கூட்டணிக்குள்ளேயே சுதந்திர ஜனநாயகக் கட்சியில் பலர் உடன்படவில்லை, எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி தன் வழியில் போனது; ஒமிக்ரோன் வந்தபின் நோயின் வேகமும் மாறியிருந்தது. வீதிக்கு ஒரு பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை.

இயக்கத்திலிருந்து பிறந்த ‘டீ பாசிஸ்’ கட்சி 2021 தேர்தலில் 1.4 சதவீதம் பெற்றது. நாடாளுமன்றத்துக்குள் நுழைய 5 வேண்டும். பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் அதற்கு நாட்டுச் சராசரியைவிடக் கூடக் கிடைத்தது. அந்த மண் பற்றி மேலே சொன்னதோடு இது பொருந்துகிறது. உள்நாட்டு உளவுத்துறை 2021 ஏப்ரலில், பழைய இடது-வலது பெட்டிகளுக்குள் அடங்காததால், அரசின் செல்லுபடியை மறுப்போர் என்ற புதிய பிரிவையே இவர்களில் ஒரு பகுதியினருக்காகத் திறந்தது. பால்வெக் 2022 யூனில் நன்கொடை மோசடிச் சந்தேகத்தில் கைதானார். 2025 யூலையில் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது, மிகச் சிறிய வரி விடயமொன்றில் மட்டும் குற்றம் கண்டது. கைதான செய்தி இங்கே பரவியது. விடுதலைச் செய்தி பலருக்கு வரவில்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

ஸ்டுட்கார்ட் பக்கத்துக்காரர் பெரும்பாலோர் விதிகள் நீங்கியதும் வீட்டுக்குப் போனார்கள். சாக்சனியில் திங்கட்கிழமை நடை நிற்கவில்லை. 2022 இலையுதிர் காலத்தில் அதே சந்தி, அதே ரெலிகிராம் பட்டியல். பதாகையில் மட்டும் தடுப்பூசிக்குப் பதிலாக எரிவாயு விலையும் உக்ரேன் போரும் எழுதப்பட்டிருந்தன.